வள்ளி பேசிய இடம்: ‘வள்ளி திருமணம்’ இசை நாடகமும் ‘ஸ்ரீவள்ளி’ (1945) திரைப்படமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் பேசும்படம் தோன்றிய முதற் பதினைந்து ஆண்டுகளில் வெளிவந்த இசைப்படங்கள் பலவும் மேடை நாடகங்களின் வழிவந்தவை. சங்கரதாஸ் சுவாமிகளின் ‘வள்ளி திருமணம்’ 1933இல் ஒருமுறையும், ‘ஸ்ரீவள்ளி’ என்னும் பெயரில் 1945இல் மறுமுறையும் திரைக்கு வந்தது. அதே நாடகம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்து ஊர்த்திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடத்தப்பெறுகிறது. மேடையிலிருந்து திரை எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுச்சென்றது, விடப்பட்டதற்கும் மேடை இன்றளவும் நிலைத்திருப்பதற்கும் என்ன தொடர்பு என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. திரை பாட்டை எடுத்துக்கொண்டது. தர்க்கத்தை எடுத்துக்கொள்ள இயலவில்லை. வள்ளியின் மறுப்புக்கு மேடை அளித்த இடம் தர்க்கத்திலேயே இருந்தது என்பது இதன் முடிவு.

திறவுச்சொற்கள்: வள்ளி திருமணம், சங்கரதாஸ் சுவாமிகள், ஸ்பெஷல் நாடகம், தர்க்கம், பின்னணிக் குரல், ஸ்ரீவள்ளி.

முன்னுரை

திரைப்படம் வந்தது, நாடகம் அழிந்தது என்பது தமிழ் நாடக வரலாற்று நூல்களில் அடிக்கடி காணப்படும் கூற்று. இக்கூற்று முழுப்பொய்யன்று. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியானதிலிருந்து மேடை நடிகர்கள், பாடகர்கள், பாடலாசிரியர்கள், ஆர்மோனியக்காரர்கள் எனப் பலரும் திரைத்துறைக்குச் சென்றனர். சபைகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன. நாடகக் கொட்டகைகள் பல படக்கொட்டகைகளாயின. எனினும் இக்கூற்றை அப்படியே ஏற்போமாயின் கண்முன் நிற்கும் ஓர் உண்மைக்கு விளக்கம் கிடைக்காது. மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூருக்கு வடக்கே அமைந்த கொட்டாம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கோயில் திருவிழா என்றால் நாடகம் உண்டு. நாடகம் என்றால் பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’. இருமுறை திரையில் வந்து வெற்றிபெற்ற கதையே மேடையில் இன்னும் உயிரோடிருக்கிறது. திரை மேடையை விழுங்கிவிட்டதெனில், முதலில் விழுங்கப்பட்டிருக்க வேண்டியது இந்நாடகமே.

சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளிவந்த தம் நூலில், தொடக்கக்காலப் பேசும்படங்களுக்கும் நாடக மேடைக்கும் இருந்த நெருக்கத்தை விரிவாக எடுத்துக்காட்டினார். ஸ்டீபன் ஹ்யூஸ் 2007இல் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் நாடகம், இசைத்தட்டு, திரைப்படம் ஆகிய மூன்றையும் இணைக்கும் இசை வணிகத்தின் வழி இவ்வுறவை விளக்கினார். மதுரையை மையமாகக்கொண்ட ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றிச் சூசன் சீஸர் 2005இல் வெளியிட்ட நூல், அவர்கள் சுமக்கும் சமூக இழிவையும் நகைச்சுவைப் பகுதிகளையும் முதன்மையாகக் கருதியது. இம்மூவகை ஆய்வுகளிலும் பாட்டும் நகைச்சுவையும் கலைஞர் வாழ்வும் பெற்ற கவனத்தைத் தர்க்கம் பெறவில்லை. அவ்விடைவெளியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

நாடகப் பனுவலும் மேடை வழக்கும்

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1922ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். அவர் இயற்றிய நாடகங்கள் அறுபத்தெட்டு என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. அவற்றுள் ஒரு பகுதியே இன்று கிடைக்கிறது. 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் பயிற்சி பெற்றனர். சிறுவர்கள் நடித்த அச்சபைகளில் பாடமும் பாட்டும் வரையறுக்கப்பட்டிருந்தன. மனப்பாடமும் ஒத்திகையும் கட்டாயமாயிருந்தன. ஆகவே ‘வள்ளி திருமணம்’ தொடக்கத்தில் கட்டுக்கோப்பான ஒரு பனுவலாகவே மேடையேறியது.

ஸ்பெஷல் நாடகம் அக்கட்டைத் தளர்த்தியது. இவ்வகையில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என ஒவ்வொரு வேடத்துக்கும் ஒவ்வொரு கலைஞர் தனித்தனியே பேசப்படுவார். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் வாசிப்பவர்களும் அவ்வாறே. வெவ்வேறு ஊர்களிலிருந்து வருவோர் ஒத்திகை ஏதுமின்றி அன்றிரவு மேடையில் சந்திப்பர். கதை அனைவருக்கும் தெரியும், பாட்டுகளும் தெரியும். எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்பது மட்டும் தெரியாது.

கொட்டாம்பட்டியின் அமைவிடம் இங்குக் கருதத்தக்கது. மதுரை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள இவ்வூருக்கு ஒருபுறம் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம், மறுபுறம் சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி. புதுக்கோட்டைச் சீமையும் தொலைவில் இல்லை. நாடகக் கலைஞர் சங்கங்கள் இயங்கும் பல நகரங்களுக்கு இடைப்பட்ட வட்டாரம் இது. எனவே ஒரே மேடையில் வெவ்வேறு வழக்குகளில் பயின்றவர்கள் எதிரெதிரே நிற்கும் வாய்ப்பு இங்கு மிகுதி. விழாக்குழுவினர் அச்சிடும் நோட்டீசில் கலைஞர் பெயர்களும் படங்களும் இடம்பெறுவதன் காரணமும் இதுவே. எந்த வள்ளிக்கு எந்த முருகன் என்பதைப் பார்த்தே கூட்டம் சேர்கிறது. கதை எப்படி முடியும் என்பது யாருக்கும் புதிரன்று. அதற்கு முன் யார் யாரை மடக்குவார் என்பதே புதிர்.

தர்க்கத்தின் வேர்

இரவு பத்து மணியளவில் பபூனும் டான்ஸும் தொடங்கிவைக்கும் நாடகம், நள்ளிரவுக்குப் பின்னரே கதைக்குள் நுழைகிறது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முதலில் நாரதர் வருகிறார். பின்னர் முருகன் வேடனாக வருகிறான். இவ்விரு சந்திப்புகளும் தர்க்கங்கள். வினா, எதிர்வினா, சிலேடை, விடுகதை, புராணச் செய்தி, திருக்குறள் மேற்கோள், ஊர் நடப்பு என அனைத்தும் இதில் கலக்கும். மணிக்கணக்கில் தர்க்கம் நீளும் இரவுகளும் உண்டு.

இதனை மேடைக்காரர்கள் பிற்காலத்தில் சேர்த்த இடைச்செருகல் என்று ஒதுக்குவோர் உளர். இலக்கிய மரபை நோக்கினால் அக்கருத்து நிலைபெறாது. வள்ளியை முருகனோடு சேர்த்துச் சொல்லும் குறிப்பு நற்றிணை 82ஆம் பாடலிலேயே உள்ளது. செவ்வேளைப் பாடும் பரிபாடல் 9ஆம் பாடலில் குன்றம்பூதனார், பரங்குன்றத்தில் வள்ளியின் தரப்பாரும் தேவசேனையின் தரப்பாரும் மோதிக்கொள்வதைக் காட்டுகிறார். களவு மணத்தின் உயர்வு அங்கே வாதமாக முன்வைக்கப்படுகிறது. வள்ளி கதை தமிழில் தோன்றிய காலந்தொட்டே வாதத்தோடு பிணைந்தது என்பதற்கு மதுரைக்கு மிக அருகிலேயே கிடைக்கும் சான்று இது.

தப்பியோடிய மானைத் தேடி வந்ததாக வேடன் கூறுவதும் புதியதன்று. தலைவன் தன் கருத்தை நேரே கூறாமல் காணாமற்போன ஒன்றை வினவி நிற்பதைக் கெடுதி வினாதல் என்று அகப்பொருள் மரபு குறிக்கும். திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல், வழி வினாதல், பதி வினாதல் எனத் துறைகள் வரிசையாய் அமைகின்றன. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தின் வள்ளியம்மை திருமணப் படலத்தில் கையாண்ட முறையும் இம்மரபின் தொடர்ச்சியே. ஆனால் அகத்துறைகளில் வினாவுக்குப் பின்னுள்ள கருத்தை உணர்ந்து விடைபகர்பவள் பெரும்பாலும் தோழி. மேடையிலோ தோழியின் வேலையையும் வள்ளியே பார்க்கிறாள். மான் என்னும் சொல்லை வேடன் இருபொருள்பட வீசும்போது அதைப் பிடித்துத் திருப்பி எறிய வேண்டியவள் அவளே. அகத்திணையில் இருவர் பகிர்ந்துகொண்ட அறிவும் நாணமும் இங்கு ஒருத்தியிடம் குவிகின்றன. மேடை செய்த பெரிய மாற்றம் இதுவே.

முதல் திரைவடிவம்: மேடை நடிகை திரையில்

1933இல் வெளிவந்த ‘வள்ளி திருமணம்’ கல்கத்தாவில் பயனியர் நிறுவனத்தாரால் எடுக்கப்பட்டது. பி.வி. ராவ் இயக்கினார். இம்முயற்சியில் கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் பங்கேற்றார். தென்னிந்திய ஊர்களில் கூடாரமடித்து மௌனப்படங்களைக் காட்டித் தொழில் தொடங்கியவர் அவர். எந்தக் கதைக்குக் கூட்டம் வரும் என்பதை ஊர் ஊராய்ச் சென்று அறிந்தவர். வள்ளியாக நடித்தவர் டி.பி. ராஜலட்சுமி. மேடையில் வளர்ந்து ‘காளிதாஸ்’ படத்தின் வழியாகத் தமிழின் முதல் பேசும்பட நாயகியானவர். 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கியவர்.

இப்படத்தில் பின்னணிக் குரல் என்னும் பேச்சுக்கே இடமில்லை. நடிப்பவர் படப்பிடிப்பின்போதே பாட வேண்டும். ஒலி உடனுக்குடன் பதிவாகும். ஆகவே மேடையில் பாடிப் பழகியவர்களே திரைக்கும் தேவைப்பட்டனர். அடுத்த ஆண்டு கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’யும் இதற்குச் சான்று. மேடையில் அந்நாடகத்தை நடித்துவந்த எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியுமே திரையிலும் நடித்தனர். சுமார் 50 பாடல்கள் அதில் இடம்பெற்றன. மேடையின் பாட்டும் பாடும் உடலும் பிரிக்கப்படாமல் திரைக்குச் சென்ற காலம் அது.

அதே 1934இல் பிரிட்டனில் வெளிவந்த ‘எவர்கிரீன்’ படத்தோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். 1930இல் இலண்டன் மேடையேறிய இசை நாடகத்தின் திரைவடிவம் அது. மேடையில் நடித்த ஜெஸ்ஸி மாத்யூஸே திரையிலும் நடித்தார். விக்டர் சாவில் இயக்கினார். மேடைக்கு ரோஜர்ஸ், ஹார்ட் இருவரும் எழுதிய பாடல்களுள் சில நீக்கப்பட்டு, ஹாரி வுட்ஸ் எழுதிய புதிய பாடல்கள் சேர்க்கப்பட்டன. அங்குப் பாடல் என்பது உரிமையாளர் உள்ள ஒரு சரக்கு. படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளத்தக்கது. தமிழகத்திலோ சுவாமிகளின் பாடல்கள் மேடைக்காரர் அனைவருக்கும் பொதுச்சொத்தாகப் புழங்கின. பார்வையாளர் அவற்றைக் கேட்கவே வந்தனர். எனவே இங்குப் பாட்டை நீக்குவது கடினம். பாட்டைச் சுற்றியுள்ள பேச்சைக் குறைப்பது எளிது. திரைவடிவாக்கத்தின் அடிப்படைப் போக்கு இதனால் தீர்மானிக்கப்பட்டது.

‘ஸ்ரீவள்ளி’: நேரமும் குரலும்

ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘ஸ்ரீவள்ளி’ 1945இல் வெளியானது. முருகனாக டி.ஆர். மகாலிங்கமும் வள்ளியாகக் குமாரி ருக்மணியும் நடித்தனர். நகைச்சுவைக்கு என்.எஸ். கிருஷ்ணன், டி.ஏ. மதுரம் இணை, இசை ஆர். சுதர்சனம். படம் ஓராண்டுக்கு மேல் ஓடியதாகத் திரை வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. மகாலிங்கம் சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே நாடகத்தில் பயின்றவர். மேடையில் எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) நிலைநிறுத்திய உச்சஸ்தாயிப் பாணியின் வாரிசாக அவர் கருதப்பட்டார். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ நினைவில் நின்ற தலைமுறைக்கு, மகாலிங்கத்தின் குரல் பழைய மேடையையே மீட்டுத் தந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். கிட்டப்பா காலத்து மேடையில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டும் என்னும் தேவையே உச்சஸ்தாயியை வளர்த்தது. திரையில் அத்தேவை இல்லை. ஒலிவாங்கி முணுமுணுப்பையும் பதிவுசெய்யும். ஆயினும் உச்சஸ்தாயி கைவிடப்படவில்லை. மேடையில் தேவையாயிருந்தது திரையில் அடையாளமாயிற்று. திரை மேடையிலிருந்து எடுத்துக்கொண்டது எது என்பதற்கு இது தெளிவான சான்று. மேடைப் பாட்டின் ஒலியை மட்டுமன்றி, மேடையைக் கேட்ட நினைவையும் அது எடுத்துக்கொண்டது.

விடப்பட்டதை அறிய நேரக் கணக்கு உதவும். இரண்டாம் உலகப்போரின்போது கச்சாப் பிலிம் தட்டுப்பாட்டால் கதைப்படங்களின் நீளம் 11,000 அடிக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்று அரசு கட்டுப்படுத்தியது. 35 மி.மீ. ஒலிப்படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். எனவே 11,000 அடி என்பது ஏறத்தாழ 122 நிமிடம். ‘ஸ்ரீவள்ளி’ இக்கட்டுப்பாட்டுக் காலத்தில் உருவான படம். இரவு பத்து முதல் காலை ஐந்து வரை நடக்கும் மேடை நாடகம் 420 நிமிடம். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பாட்டும் வேண்டும், நகைச்சுவையும் வேண்டும், யானையும் வேண்டும் என்றால் சுருங்கக்கூடியது பேச்சு ஒன்றே. வினாவும் விடையும் திரையில் இல்லாமற்போகவில்லை. அவை எழுதி முடிக்கப்பட்ட, அளந்து வெட்டப்பட்ட உரையாடலாயின. அடுத்த வினா எது என்று வள்ளிக்கு முன்னரே தெரிந்துவிட்டபின் அதனைத் தர்க்கம் என்பது பெயரளவுக்கே பொருந்தும்.

நேரத்தைக் காட்டிலும் ஆழமான மாற்றம் குரலில் நிகழ்ந்தது. படத்தில் முதலில் ருக்மணியே பாடியிருந்தார். அப்பாட்டில் நிறைவுகொள்ளாத தயாரிப்பாளர், பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து, ஏற்கெனவே படமாக்கப்பட்ட வாயசைவுக்கு அக்குரலைப் பொருத்தினார். இதே மெய்யப்பன் 1938இல் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்திலேயே பின்னணிக் குரல் முறை தமிழில் முயன்று பார்க்கப்பட்டிருந்தது. அப்படத்தில் சிறுவன் கிருஷ்ணனாக அறிமுகமானவர் மகாலிங்கமே. ‘ஸ்ரீவள்ளி’யில் அம்முறை நாயகியின் குரலையே மாற்றும் அளவுக்கு வளர்ந்தது. தொழில்நுட்ப நோக்கில் இது குறிப்பிடத்தக்க சாதனை. பெரியநாயகியின் இசைத்திறன் படத்தின் வெற்றிக்குத் துணைநின்றது என்பதிலும் ஐயமில்லை.

ஆனால் வள்ளி என்னும் பாத்திரத்துக்கு என்ன நேர்ந்தது? 1933இல் ராஜலட்சுமி தாமே பாடினார். 1945இல் முருகன் தன் குரலில் பாடுகிறான். வள்ளி மற்றொருத்தியின் குரலில் விடையளிக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகளில் வள்ளியின் முகமும் குரலும் இரண்டாகப் பிரிந்தன. பாட்டைப் பொறுத்தவரை இப்பிரிவு குறையாகத் தோன்றாது. இரவல் குரலிலும் பாட்டு பாட்டே. தர்க்கத்தை இரவல் வாங்க இயலாது. கேட்டவுடன் எண்ணி, எண்ணியவுடன் சொல்லி, சொன்னவுடன் பாடத் தொடங்கும் மேடை ஸ்திரீபார்ட்டிடம் அறிவும் குரலும் ஒரே மூச்சில் பிறப்பவை. திரையில் வள்ளி அழகிலும் இனிமையிலும் நிறைவடைந்தாள். எதிர்பாராத விடையைத் தரும் ஆற்றலை இழந்தாள்.

மேடையின் வரம்புகள்

இவ்வாறு கூறுவதால் மேடையைப் புனிதப்படுத்துவது நோக்கமன்று. மூன்று மறுப்புகளைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

முதலாவது, இன்றைய மேடைத் தர்க்கம் சுவாமிகளின் பனுவலில் உள்ளவாறே இல்லை என்பது. உண்மை. சுவாமிகள் பாலர் சபைக்கு எழுதிய பாடம் வேறு. இன்று கேட்பது வேறு. ஆனால் இம்மறுப்பு திரைக்கும் பொருந்தும். கந்தபுராணத்திலிருந்து நாடகம், நாடகத்திலிருந்து ஸ்பெஷல் மேடை, மேடையிலிருந்து திரை என்னும் வரிசையில் ஒவ்வொன்றும் முன்னதன் தழுவல். மூலத்துக்கு எது அருகில் என்னும் வினாவைவிட, ஒவ்வொரு தழுவலும் வள்ளிக்கு எவ்வளவு இடம் தருகிறது என்னும் வினாவே திறனாய்வுக்குப் பயன்தருவது.

இரண்டாவது, தர்க்கம் பல இரவுகளில் தரம் தாழ்கிறது என்பது. ஆண் பெரிதா பெண் பெரிதா என்னும் தேய்ந்த வாதமாகவும், இரட்டைப்பொருள் பேச்சாகவும், சில வேளைகளில் வேடத்தை மறந்து நடிகையைச் சீண்டுவதாகவும் அது மாறுவதுண்டு. ஆண் கலைஞரின் கேலியைச் சிரிப்போடு தாங்கவேண்டிய கட்டாயம் ஸ்திரீபார்ட்டுக்கு உண்டு. அவள் அதே அளவில் திருப்பிக்கொடுத்தால் வாயாடி என்னும் பெயரும் உண்டு. மேடை தரும் பேச்சுரிமைக்குப் பெண் கலைஞர் செலுத்தும் விலை இது. இதனை மறைத்துத் தர்க்கத்தைப் போற்றுவது நேர்மையாகாது.

மூன்றாவது மறுப்பு இவற்றினும் வலியது. தர்க்கத்தில் வள்ளி எத்தனை முறை வென்றாலும் யானை வரும். அவள் அஞ்சி ஓடுவாள். விடிவதற்குள் திருமணம் நடந்தே தீரும். அவ்வாறாயின் அவளது மறுப்புக்குப் பொருள் என்ன? இதற்கு விடை, நாடகத்தின் முடிவில் இல்லை; அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இருக்கிறது. ஊரார் முன்னிலையில், ஒரு பெண் ஓர் ஆணிடம், அவன் தெய்வமே ஆனாலும், காரணம் கேட்டு நீண்ட நேரம் நிற்கிறாள். மணம் செய்விப்போர் பெண்ணின் விருப்பத்தை ஒரு சொல்லிலும் கேளாத சமூகத்தில், அவள் விருப்பமின்மையை இரவின் பெரும்பகுதி கேட்கும் கூட்டம் அங்கு அமர்ந்திருக்கிறது. முடிவு மாறுவதில்லை, முடிவுக்கு முன் அவள் கேட்கப்படுகிறாள். இந்நேரத்தைச் சுருக்கியபோது திரை சுருக்கியது கதையின் ஒரு பகுதியை மட்டுமன்று. அக்கதைக்கு மேடை தேடிக்கொடுத்த பொருளையும்தான்.

அழியாமைக்கான காரணம்

இதுவரை கண்டவற்றால் முன்னுரையில் எழுப்பிய வினாவுக்கு விடை காணலாம். திரையால் நலிந்தவை காட்சிப் பொலிவையும் பெரிய குழுவையும் மூலதனமாகக் கொண்ட நாடக நிறுவனங்கள். கன்னையா குழுவினர் போன்றோர் மேடையில் நிகழ்த்திய காட்சி வியப்புகளைத் திரை குறைந்த செலவில், ஒரே நேரத்தில் பல ஊர்களில் காட்டியது. அப்போட்டியில் மேடை வெல்ல வழியில்லை. ஸ்பெஷல் நாடகத்தின் மூலதனம் வேறு. நான்கைந்து வண்ணத்திரைகள், ஒரு ஆர்மோனியம், சில கலைஞர்கள். அவர்களுக்கிடையே அன்றிரவு மட்டும் நிகழும் ஒரு மோதல். நேற்று நடந்த தர்க்கம் இன்று நடப்பதில்லை. அச்சுப்போட்டு ஊர்தோறும் அனுப்பத்தக்க பொருளாக அதனை மாற்ற இயலாமையால் திரைக்கு அது பயன்படவில்லை. பயன்படாமையால் மேடையிலேயே தங்கியது.

ஊர் மேடைக்கும் திரைக்கும் உறவு அறுந்துவிட்டது என்றும் பொருளன்று. திரைப்பாடல்களின் மெட்டுகள் பபூன், டான்ஸ் பகுதிகளில் தாராளமாகப் புழங்குகின்றன. திரையால் பரவிய பாடல்முறை மேடை ராஜபார்ட்டின் நுழைவுப் பாட்டிலும் கேட்கிறது. மேடை திரையிடமிருந்து வாங்கிக்கொண்டே வாழ்கிறது. வாங்கியவற்றை முன்னிரவில் வைத்து, தன்னுடையதைப் பின்னிரவுக்கு வைத்துக்கொள்கிறது என்று இதனைச் சுருக்கிக் கூறலாம்.

பாடத்திட்டமும் ஆவணமும்

இதன் விளைவு ஆய்வாளர்களையும் ஆசிரியர்களையும் சார்ந்தது. நம் வகுப்பறைகளில் சங்கரதாஸ் சுவாமிகள் நாடக இலக்கிய வரலாற்றின் ஒரு பத்தியாக இடம்பெறுகிறார். அவர் நாடகம் அச்சுப் பனுவலாகப் படிக்கப்படுகிறது. திரைப்பட வரலாற்றில் ‘ஸ்ரீவள்ளி’ பின்னணிக் குரலின் மைல்கல்லாகப் படிக்கப்படுகிறது. இரண்டுக்கும் நடுவே நின்ற தர்க்கம் பனுவலிலும் இல்லை, படத்திலும் இல்லை. ஆகவே பாடத்திலும் இல்லை. அதனை நிகழ்த்தும் பெண் கலைஞரின் புலமை, அவர் எங்குக் கற்றார், எவரிடம் எந்த வினாவைப் பெற்றார், எந்த விடையைத் தாமே கண்டார் என்பவை பதிவாகவில்லை. நாடக நோட்டீசுகள் திருவிழா முடிந்ததும் குப்பைக்குச் செல்கின்றன.

கொட்டாம்பட்டி போன்ற ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, ஒரு திருவிழாப் பருவத்தில் நடக்கும் ‘வள்ளி திருமண’ங்களை முழு இரவும் ஒலிப்பதிவு செய்து, தர்க்கப் பகுதிகளை எழுத்துப்படுத்தி ஒப்பிடுவது ஒரு முனைவர்பட்ட ஆய்வுக்குரிய பணி. ஒரே வினாவுக்கு வெவ்வேறு வள்ளிகள் தரும் விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வாய்மொழிப் புலமை எவ்வாறு இயங்குகிறது என்பதற்குத் தமிழ்ச்சூழலிலிருந்தே சான்று கிட்டும். கலைஞர்களின் இசைவும் அவர்களுக்குரிய ஊதியமும் அப்பணியின் முதல் நிபந்தனைகளாக இருக்கவேண்டும்; பதிவானபின் அப்பேச்சு யாருக்கு உரியது என்னும் வினாவுக்கும் ஆய்வாளர் விடைசொல்ல வேண்டும்.

முடிவுரை

‘வள்ளி திருமணம்’ மேடையிலிருந்து திரைக்குச் சென்றபோது பாட்டும் பாணியும் கதையும் உடன்சென்றன. 1933இல் பாடும் உடலும் சேர்ந்து சென்றது. 1945இல் வள்ளியைப் பொறுத்தவரை உடலும் குரலும் பிரிந்தன. நேரக் கட்டுப்பாடும் எழுதிமுடிக்கப்பட்ட உரையாடலும் தர்க்கத்துக்கு இடமளிக்கவில்லை. பரிபாடல் காலந்தொட்டு வள்ளி கதையோடு இயைந்துவந்த வாதம், தன் குறைகளோடும் நிறைகளோடும், ஊர் மேடையில் மட்டுமே எஞ்சியது. எனவே இன்றைய ஸ்பெஷல் நாடகத்தைச் சுவாமிகளின் நாடகத்தினது தேய்ந்த வடிவம் என்றோ, திரைக்கு முந்தைய காலத்தின் எச்சம் என்றோ மதிப்பிடுவது பொருந்தாது. திரையும் அச்சும் கொள்ள மறுத்த ஒன்றைக் காத்துவரும் வடிவமாகவே அதனை மதிப்பிடல் வேண்டும். அம்மதிப்பீடு முதலில் சென்றடைய வேண்டியது, பின்னிரவில் விடைதேடி நிற்கும் ஸ்திரீபார்ட் கலைஞரை.